உம்மைத்தொகை

கூட்டத்தொடரின் கடைசி நாள்.
பகலுணவுக்குள் பதினான்கு மசோதா.
திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள்
ஒன்றின் முதுகை ஒன்று முட்டிக்கொண்டு நிற்க,
என் ஜெராக்ஸ் கடைக் கண்ணாடி அதிர,
யாருடைய ரேஷன் கார்டோ பச்சை வெளிச்சத்தில் கிடக்க,
செல்போனில் பேரவை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவதாக வந்தது எங்களுடையது.
வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டும் சட்டத்துக்குத்
திருத்தம், ஒரே பக்கம்.
பழைய வரி:
பயனாளிக்கு வீடும் வாடகையும் வழங்கப்படும்.
புதிய வரி:
பயனாளிக்கு வீடு அல்லது வாடகை வழங்கப்படும்.
காரணம் கேட்டால்
'சொற்களை எளிமையாக்கும் பொருட்டு'.

ஏற்போர் ஆம் என்க.
ஆம்.
மறுப்போர் இல்லை என்க.
யாரோ இருமினார்.
நிறைவேறியது.
நான்கு நிமிஷம். அதில் மூன்று
அமைச்சருக்கு வாசித்த பாராட்டு.

ஆம் என்று எங்கள் பக்கம் யாரும் பேசுவதில்லை.
ஆமா என்போம். ஆமாம்பா என்போம்.
கடுப்பானால், ஆமா பெரிய இவரு.
அந்த ஆம் யார் வாயில் பிறந்தது?
குரல் வாக்கெடுப்பில் பெயர் ஏறாது.

ஆகவே ஆபீசுக்கே போனேன்.
எழில்மாறன் கெட்ட மனுஷன் இல்லை,
வெள்ளத்தில் மூன்று நாள் இடுப்பளவு நின்றவர்.
"சார், நீங்க ஆம் சொன்னீங்களா?"
டீ சொன்னார்.
பிஸ்கட் சொன்னார்.
"அந்நேரம் லாபியில போன்ல இருந்தேன் தம்பி,
உங்க பிளாக் தண்ணி லாரி விஷயமாத்தான்."
சாயங்காலம் லாரி வந்தது.
நானும் இரண்டு குடம் பிடித்தேன்.

ராத்திரி எழுதினேன். ஒரு தாள், பெரிய எழுத்து.
தாய்தந்தை என்றால் தாயும் தந்தையும்.
உம் கண்ணுக்குத் தெரியாது, பொருளில் இருக்கும்,
எட்டாம் வகுப்பில் நான் மார்க் வாங்கிய ஒரே கேள்வி.
இவர்கள் போட்டதில்
உம்மையும் இல்லை, தொகையும் இல்லை
என்று முடித்து
டீக்கடை பக்கத்து மின்பெட்டியில் ஒட்டினேன்.
விடிவதற்குள் மேலே ஒரு காதணி விழா போஸ்டர்.
அதன் மூலையில்
எழில்மாறன் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பத்மாவதிதான் கிழித்துப் படித்திருக்கிறாள்.
காசிமேட்டிலிருந்து நேரே கடைக்கு வந்தாள்,
கூடையில் சங்கரா, கையெல்லாம் செதில்.
"அல்லதுன்னா இன்னாபா?
வாடகை வாங்கினா வூடு கெடயாது.
வூடு வோணும்னா, இடிச்சுக் கட்ற மூணு வருஷம்
ரோட்ல கெடக்கணும். அதானே?"
பதினோரு பக்க அரசிதழோடு
இரண்டு இரவு மல்லுக்கட்டி நான் கண்டுபிடித்தது அது.
"செரி. நாங்க கையெழுத்துப் போட்ட பாரத்துல
இது இருந்துச்சா?"

பங்குனியில் வாரியத்து ஆள் வந்தான்.
இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பம்,
இருநூற்றுப் பன்னிரண்டு சம்மதப் படிவம்.
இந்த மிஷின். இந்தக் கை.
கருப்பு சரியாக விழுகிறதா என்று மட்டும் பார்த்தேன்.
டிராயரில் ஒரு வீணான பிரதி கிடந்தது.
பதினேழாவது வரி.
சட்டம் வருவதற்கு நான்கு மாதம் முன்பே
அல்லது அங்கே உட்கார்ந்திருந்தது,
கருப்பு சரியாக விழுந்து.

அவளிடம் நீட்டினேன்.
திட்டுவாள் என்று நின்றேன்.
"அந்த வார்த்தைய சுத்தி வட்டம் போட்டு
ஒரு காப்பி எடு."
எடுத்தேன்.
"எவ்ளோ?"
வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.
"ரெண்டு ரூபா."
ஈரக் காசு. மீன் வாசனையோடு கல்லாவில் போட்டேன்.

அவள் பின்னால் நூர்ஜகான்,
இடுப்பில் குழந்தை, கையில் சில்லறை.
"எனக்கும்."